திருச்சிக்கும் எங்களுக்கும் ஒரு நடை

தவசியைப் பற்றி எழுத வேறு ஆள் கிடையாது. அதனால் நான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் பசுமலைக்குத் தெற்கே மூன்று லாரியும் ஒரு கல் ஆலையும் மாடி வீடும் இந்த இரண்டு கையால் நிறுத்தியவனும் நான்தான். பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர் இன்றைக்கு என்னிடம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். ஒரு மனிதனைப் பற்றி எழுத அவனைத் தெரிந்திருந்தால் போதும். தவசியோடு ஒரே கலயத்தில் கஞ்சி குடித்தவன் இந்த முத்திருளன். எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மச்சான். ஊர் அவனியாபுரத்துக்குத் தெற்கே. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றவர்கள் இரண்டு பேரும் காலராவில் போய்விட்டார்கள். அக்காள் அழகம்மாள்தான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு களையெடுக்கப் போய் வளர்த்தாள். அவளுக்கே அப்போது தாவணி போடுகிற வயது வரவில்லை. பின்னாளில் தவசிக்குக் கல்யாணமாகி ஜெயக்கொடி வந்த பிறகும் மத்தியானக் கஞ்சி அக்காள் வீட்டில்தான். ஜெயக்கொடி சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பிறகு அவளும் அங்கேயே சாப்பிட வந்துவிட்டாள்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் சர்க்கார் எங்கள் ஊர்க் காட்டை எடுத்துச் சமப்படுத்தி ஏரோப்ளேன் இறங்குகிற திடலாக்கியது. தவசி அதில் மண் சுமந்தான். நான் சொந்த மாடும் வண்டியும் வைத்துச் சரளைக்கல் அடித்தேன். அந்த ஓடுபாதையில் மூன்றில் ஒரு பங்கு கல் என் வண்டியில் வந்து விழுந்தது. இதை எந்தச் சபையிலும் சொல்வேன். இன்றைக்கு அங்கே பெரிய பெரிய விமானம் வந்து உட்காருகிறதே, அடியில் கிடந்து தாங்குவது என் கல்.

சண்டை முடிந்தது. பட்டாளம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. நான் அடுத்த வேலையைப் பார்த்து வண்டியைக் கட்டினேன். தவசி மட்டும் திடலைவிட்டு நகரவில்லை. அங்கேயே காவல்காரனாக ஒட்டிக்கொண்டான்.

"சுவரே இல்லாத இடத்துக்கு என்ன மச்சான் காவலு?" என்று கேட்டேன்.

"ஆடு மாட்டுக்குச் சுவரு எதுக்கு மாப்ள, நான் போதாதா?" என்றான்.

அவன் சொன்னது சரிதான். அது நாலு ஊர் மாடு மேய்ந்த பூமி. சர்க்கார் வேலி போட்டால் கம்பி துணி காயப்போடப் போய்விடும், கல்தூண் தொழுவத்துக்குப் போய்விடும். தவசிதான் வேலி. ஆள் ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். வாயில் எந்நேரமும் வெற்றிலை. ஒரு அதட்டல் போட்டால் பசு கன்று போடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் பிரயாணிகளை ஏற்றுகிற விமானம் ஒன்று ஓடத் தொடங்கியது. மதராஸிலிருந்து திருச்சிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் திடலில் இறங்கி, மறுபடி ஏறித் தெற்கே போகும். வாரத்துக்கு இரண்டு நாள். திருச்சியில் அது கிளம்பியதும் கம்பியில்லாத் தந்தியில் சேதி வரும். திடலின் கிழக்குக் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆபீசர் சிவசங்கரன் அதைக் கேட்டு, வெளியே வந்து, கம்பத்தில் மஞ்சள் கொடியை ஏற்றுவார். கொடி ஏறியதும் மேற்குக் கோடியில் நிற்கிற தவசி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குவான். ஆடு மாட்டை விரட்டிக்கொண்டே கிழக்குக் கோடி வரைக்கும் போய், திரும்பி, மேற்குக் கோடிக்கு வந்து வெற்றிலையைத் துப்புவான். துப்பின கையோடு வடக்கே சத்தம் கேட்கும்.

ஆடி முழுக்க, ஆவணி முழுக்க, ஒரு தடவைகூடப் பிசகவில்லை. திருச்சி எம்புட்டுத் தூரம் என்று யாராவது கேட்டால், "ஒரு நடை" என்பான். என் மாடுகள் திருச்சிக்கு மூன்று நாள் நடந்திருக்கின்றன; என் மாடுகள் என்பதால்தான் மூன்று நாள், அடுத்தவன் மாட்டுக்கு நாலு நாள் ஆகும். அந்தத் தூரத்தை இவன் ஒரு வெற்றிலைக்குள் அடக்கிவிட்டான். கடிகாரம் ஒன்று கொடுக்கட்டுமா என்று ஆபீசர் கேட்டதற்கு, "எங்கிட்ட ரெண்டு காலு இருக்கு சார். சாவி கொடுக்கத் தேவையில்ல" என்றான்.

அவனுடைய அந்த ஒரு நடையை நம்பித்தான் ஊரே திடலில் தானியம் காயப்போட்டது. தார் போட்ட தரை, வெயில் பட்டதும் சுடும், ஒரு பொட்டு மண் ஒட்டாது. அப்படி ஒரு களம் திருமங்கலம் வரைக்கும் தேடினாலும் கிடைக்காது. கூடாது என்று ஆபீசர் சத்தம் போட்டிருந்தார். ஆனால் ஓடுபாதை ஒரு மைலுக்கு மேல் நீளம். மேற்குக் கோடியில் மிளகாய் கிடப்பது கிழக்குக் கோடிக் கொட்டகையில் இருந்து தெரியாது. கொடி ஏறினால் தவசி ஒரு தகரத்தைத் தட்டுவான். பெண்கள் அள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடுவார்கள். அவன் நடந்து திரும்பும்போது தரை துடைத்து வைத்தது மாதிரி இருக்கும்.

மற்றவர்களிடமாவது அவன் கொஞ்சம் முறைப்பாக இருப்பான். அழகம்மாளிடம் அதுவும் முடியாது. மேற்குக் கோடி முன்பு அவளுடைய மாமனாரின் புஞ்சைக் காடு. சர்க்கார் எடுத்தது போக வெளியே ஒரு துண்டு நிலம்தான் மிச்சம். புருஷன் பர்மாவுக்குப் போய்ச் சண்டையோடு சண்டையாகத் தகவல் இல்லாமல் போய்விட்டார். மூன்று பிள்ளைகள். "நான் என் காட்டுலதான்டா காயப்போடுறேன். மேல தாரை ஊத்துனா எங்காடு இல்லேன்னு ஆயிருமா?" என்பாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அவள் அந்தத் துண்டு நிலத்தில் விளைந்த கம்பை அடித்துத் தூற்றி வீட்டில் குவித்திருந்தாள். ஆனால் ஈரம் போகவில்லை. மூன்று நாள் விடாத தூறல். நான்காம் நாள் காலையில் நான் போனபோது, "முத்திருளு, இதுக்குள்ள கைய விட்டுப் பாரு" என்றாள். விட்டேன். உள்ளே கொதித்துக் கிடந்தது. கையை எடுத்தால் புளிச்ச வாடை. அடியில் அங்கங்கே வெள்ளையாக முளை கிளம்பிவிட்டது. ரேஷன் கடையில் வாரத்துக்கு ஒரு நாள் புழுத்த அரிசி கொடுத்த காலம் அது. அடுத்த விளைச்சல் வரைக்கும் நாலு வயிற்றுக்கு இருந்தது அந்தக் கம்பு ஒன்றுதான். அன்றைக்குக் காயாவிட்டால் மறுநாள் அது மாட்டுக்குக்கூட ஆகாது.

அன்றைக்கென்று வெயில் சுள்ளென்று அடித்தது. அன்றைக்கேதான் விமானம் வருகிற நாளும்.

அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே நான் கொட்டகைப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தேன். தவசியும் அங்கே நின்றான். ஆபீசர் கம்பத்தில் தொங்குகிற துணிப் பையைக் காட்டினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் உப்பிக்கொண்டு நிற்கும் பை அது.

"தவசி, பாத்தியா? ஆடியில தென்மேற்கேர்ந்து எதிர்க்காத்து. இப்போ வடகிழக்கேர்ந்து வாடை, பின்னாலேர்ந்து பிடிச்சுத் தள்றது. பிளேன் சீக்கிரமா வந்துடும். கொடியைப் பாத்ததும் ஓடணும்ப்பா, நடக்கப்படாது."

தவசி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினான். "தூரம் அதேதான சார். காத்து மாறுனா திருச்சி நம்ம பக்கம் நகந்து வந்துருமா?"

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். வண்டிக்காரனுக்குத் தெரிந்தது மைல் கல். வாடை அடித்தாலும் கொண்டல் அடித்தாலும் மைல் கல் நட்ட இடத்தில்தான் நிற்கும். ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து நேரே போய்த்தான் அழகம்மாளின் கம்பை என் வண்டியில் ஏற்றினேன். கூலி கேட்கிற ஆள் நான் இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னத்தாயும் இன்னும் இரண்டு பெண்களும் கூட வந்தார்கள். மேற்குக் கோடியில் ஓடுபாதையை அடைத்து, பாய் விரித்தது மாதிரி கம்பை மெல்லிசாகப் பரப்பி, வரிசையாக நின்று காலால் கிளறத் தொடங்கினார்கள்.

தவசி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். "அக்கா, இன்னைக்குப் பிளேன் நாளு."

"தெரியும். கொடி ஏறுனா அள்ளிருவோம்."

"இம்புட்டையுமா?"

"ஒரு நடை இருக்குல்ல? ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறியே. நீ போயிட்டு வாரதுக்குள்ள நாலு பொம்பளைக அள்ள மாட்டமா? இல்ல, உன் நடை எங்கிட்ட மட்டும் குட்டையாயிருமா?"

பெண்கள் சிரித்தார்கள். அவன் குனிந்து ஒரு பிடி கம்பை அள்ளி முகர்ந்து பார்த்தான். பிறகு அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளறத் தொடங்கினான்.

உச்சி சாய்கிற நேரம். கிழக்கே நாகமலை மாதிரி கறுப்பாக மேகம் எழும்பி, இடி உருண்டது. இடி விழும்போது அந்தக் கம்பியில்லாத் தந்தியில் பொரி வறுக்கிற சத்தம்தான் கேட்கும் என்று ஆபீசர் பின்னால் சொன்னார். திருச்சி சொன்னது அவருக்கு உடனே விளங்கவில்லை. இரண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்டிருக்கிறார். அப்புறம்தான் கொடி ஏறியது.

தவசி தகரத்தைத் தட்டினான். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு நடந்தான். பெண்கள் விளக்குமாற்றால் கூட்டுவதும் முறத்தால் அள்ளிச் சாக்கில் போடுவதுமாக இருந்தார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. சின்னத்தாய் யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

தவசி தூரத்தில் கட்டைவிரல் அளவு தெரிந்தான். ஆட்டுக் கூட்டம் ஒன்றைக் கிழக்கே ஒதுக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று நின்றான். வானத்தைப் பார்த்தான். அப்புறம் எங்களைப் பார்த்துத் திரும்பி ஓடி வந்தான்.

அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. துண்டு பறந்து விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கி என்னவோ கத்திக்கொண்டு வந்தான். அப்போதுதான் எங்கள் காதிலும் விழுந்தது, வடக்கே அந்தச் சத்தம்.

சாக்குகளில் ஏறியது கால் பங்கு இருக்கும். மீதி அத்தனையும் தரையில் கிடந்தது.

"பரம்பு! மாப்ள, பரம்பக் கட்டு!" தவசி கத்தினது இப்போது விளங்கியது.

உழவு முடிந்த நிலத்தைச் சமப்படுத்த மாட்டை வைத்து இழுக்கிற பலகைதான் பரம்பு. கம்பைப் பரப்புவதற்கு என்று ஒன்றைக் கொண்டு வந்திருந்தோம். நான் வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்துப் பரம்பில் பூட்டினேன். வேறு ஒருவனாக இருந்தால் கயிறே கைக்கு வந்திருக்காது. ஓரத்தைப் பார்த்தேன். மூன்று நாள் மழையில் ஊறின சேறு. சேறு முழுக்கச் சரளை. கம்பை அங்கே தள்ளினால் அதோடு சரி. ஆனால் வேறு வழி இல்லை. விமானம் வடக்கே சின்னதாகத் தெரிந்து, எங்களைத் தாண்டி மேற்கே போய் வளைந்தது. விமானம் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும், வாடை அடித்தால் அது எங்கள் கோடியில்தான் வந்து தொடும் என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஆடி மாதம் எல்லாம் கிழக்குக் கோடியில் இறங்கின விமானம்.

மாட்டைத் தட்டினேன். அழகம்மாள் ஓடி வந்து மாட்டுக்கு முன்னால் கம்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, எந்திரி!"

"மாட்டேன். சேத்துல தள்ளவா வெளைய வச்சேன்? வேணும்னா அது சுத்திட்டு வரட்டும். ஆகாசத்துல அதுக்கு இடமா இல்ல?"

விமானம் தாழ்ந்து வந்தது. மாட்டையும் ஆட்களையும் பார்த்திருக்க வேண்டும். தலைக்கு மேலே காது கிழிகிற மாதிரி உறுமிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. மாடுகள் மிரண்டு பின்னால் வாங்கின. நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். கை தோல் உரிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. கிழக்கே மேகம் பாதித் திடலை மூடிவிட்டது. அந்த விமானத்துக்கு இன்னொரு சுற்றுக்கு மேல் நேரம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

தவசி வந்து சேர்ந்தான். மூச்சு இழுத்தது. வாயில் அந்த வெற்றிலை அப்படியே இருந்தது.

"அக்கா… உள்ள இருபது பேரு இருக்காக."

"என் வீட்டுல நாலு பேரு இருக்கோம்."

அவன் மேற்கே பார்த்தான். அது மறுபடி வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. அக்காளைப் பார்த்தான். அடிப்பான், தூக்கி எறிவான் என்று நினைத்தேன். அவன் அவள் பக்கத்தில், விமானம் வருகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பின்மேல் உட்கார்ந்துவிட்டான். காலை மடக்கி, இரண்டு கையையும் முழங்காலில் கோத்துக்கொண்டான். கஞ்சிக்குக் காத்திருப்பவன் மாதிரி.

"எந்திரிடா," என்றாள் அழகம்மாள்.

அவன் கோத்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"எந்திரி தவசி! வருதுடா!"

"நீ இருக்கேல்ல. நானும் இருக்கேன்."

சின்னத்தாய் கூப்பாடு போட்டாள். விமானத்தின் மூக்கு எங்களுக்கு நேராகத் திரும்பிவிட்டது. அழகம்மாள் அதைப் பார்க்கவில்லை. தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை இல்லாத அந்த முதுகில் வேர்வை ஓடியது. பிறகு சட்டென்று எழுந்தாள். அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். என் கையிலிருந்த கயிற்றைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற முத்திருளு? ஓட்டு!"

நான் ஓட்டினேன். என் மாடுகள் அன்றைக்குப் போனது மாதிரி எந்த மாடும் போனதில்லை. தவசி பரம்பின்மேல் ஏறி நின்று அழுத்தினான். முதல் இழுப்பில் பாதி, திருப்பி இன்னொரு இழுப்பில் மீதி. அலை மாதிரி கம்பு சுருண்டு சேற்றில் போய் விழுந்தது. பெண்கள் பின்னாலேயே விளக்குமாற்றோடு ஓடி வந்தார்கள். "தள்ளு, தள்ளு" என்று கத்தியது அழகம்மாள்தான். கடைசி இழுப்பில் மாடு இரண்டும் பரம்போடு ஓரத்தைத் தாண்டிக் காட்டுக்குள் பாய்ந்தன. நாங்கள் குப்புற விழுந்தோம்.

சக்கரம் தரையில் பட்டபோது நொறுநொறு என்று ஒரு சத்தம் கேட்டது. மிச்சம் கிடந்த கம்பு அரைபட்ட சத்தம். அது அடித்த காற்றில் ஓரத்துக் குவியலில் இருந்து ஒரு புகை எழும்பி எங்கள்மேல் கொட்டியது. கண், வாய், காது எல்லாம் கம்பு. விமானம் ஓடிப் போய்க் கிழக்கே பொம்மை மாதிரி நின்றது. மழை பிடித்துக்கொண்டது.

தவசி துப்புவதற்கு வாயைத் திறந்தான். வாயில் வெற்றிலை இல்லை. எப்போதோ விழுங்கிவிட்டிருந்தான்.

ஆபீசர் சிவசங்கரன் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தார். உதடு வெளுத்திருந்தது. சேற்றில் மண்டி போட்டுக் கம்பை அள்ளிக்கொண்டிருக்கிற பெண்களைப் பார்த்தார். தரையில் மாவாகக் கிடந்ததைப் பார்த்தார்.

"யாரோடது இது?"

"என்னுது சார்," என்றான் தவசி.

"ஆமா, அவனுதுதான். அவனைக் கேளுங்க," என்றாள் அழகம்மாள், தலையை நிமிர்த்தாமலே.

ஆபீசர் சைக்கிளைச் சேற்றில் சாய்த்தார். "காலையிலயே சொன்னேனேப்பா."

"சொன்னீக சார். திருச்சி நகந்துதான் வந்துருச்சு."

அந்த மனிதர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே அழுகிற மாதிரி இருந்தது. மேலே எழுதிப் போடுவார், தவசிக்கு வேலை போகும் என்று நினைத்தோம். எழுதவில்லை. மறுநாளிலிருந்து தவசி கொடியைப் பார்ப்பதற்கு முன்னால் துணிப் பையைப் பார்த்தான். வாடை அடித்தால் ஓடினான். திடலில் ஒரு மிளகாய்கூடக் காய விடவில்லை. ஊரில் நாலு பேர் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள்.

சேற்றோடு வாரின கம்பை என் வண்டியில்தான் கொண்டு போனோம். கழுவி, கீழக்குயில்குடிப் பாறையில் இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுத்தோம். பாதி தேறியது. பற்றாததற்குத் தவசி தன் வீட்டுக் குதிரிலிருந்து அள்ளிக் கொட்டினான். நானும் ஒரு மூட்டைச் சோளம் இறக்கினேன். சந்தேகம் இருந்தால் சின்னத்தாயின் மக்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் எத்தனை தடவை புடைத்தாலும் அந்தக் கம்பிலிருந்து கல் மட்டும் போகவில்லை. அந்த வருஷம் முழுக்க அக்காள் வீட்டில் கஞ்சி குடிக்கும்போது யார் வாயிலாவது நறுக் என்று கேட்கும். "பிளேன் எறங்கிருச்சுடோய்!" என்று பிள்ளைகள் கத்தும். தம்பியின் கலயத்துக்கு மட்டும் அழகம்மாள் அடிக்கஞ்சியாகப் பார்த்து ஊற்றுவாள். கல் அடியில்தானே தங்கும்?

"வேணும்னே ஊத்துறியாக்கா?"

"உன் பிளேன்தானடா, நீயே மெல்லு."

ஆடி பிறந்தது. அந்தக் கம்பின் கடைசிப் பானை. நானும் அன்றைக்கு அங்கே கஞ்சி குடித்தேன். தவசிக்கு நறுக் என்றது. கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு போய்விட்டது. கல்லை எடுத்தான், செம்புத் தண்ணீரில் கழுவினான், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினான்.

"மாப்ள, திடல்ல கெடக்குறதெல்லாம் உன் கல்லுன்னு சொல்லுவியே. இந்தா, நல்லாப் பாத்துச் சொல்லு."

அழகம்மாள் அகப்பையைக் கையில் பிடித்தபடி சிரித்தாள். அந்த ஐப்பசிக்கு அப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் கல்லை வாங்கிப் பார்த்தேன். என் கல்தான். எங்கே கிடந்தாலும் எனக்குத் தெரியும்.